சரண்டருக்கு ஸ்பானிஷில் ஒரு சொல்

சாரதாம்பாள் கண்ணைப் பரிசோதித்துக்கொண்டது 2003ஆம் வருஷம் ஆனி மாதத்தில். இடது கண்ணில் புரை விழ ஆரம்பித்திருக்கிறது, வலது கண்ணில் குறையில்லை, இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அவள் போன விஷயம் அதுவல்ல. வெள்ளிக்கிழமை மதியங்களில், ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே, கேட்டை ஒட்டிய சுவர் நிழலில் ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. இடது கண்ணைப் பொத்திப் பார்த்தாள், தெரிந்தது. வலது கண்ணைப் பொத்திப் பார்த்தாள், தெரிந்தது. வாட்ச்மேன் மொக்கையனை அனுப்பினால் அங்கே யாரும் இல்லை என்று திரும்பி வந்தான். இதை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை. ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் மட்டும் பார்க்கச் சொன்னாள். இரண்டும் ஒழுங்காக இருந்தன. உடம்புக் கோளாறு இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள்.

அந்தப் பெண் யார் என்பதில் அவளுக்குச் சந்தேகம் கிடையாது. சோழவந்தான் பக்கத்து ஒச்சம்மாள். அவள் செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

சாரதாம்பாள் மதுரை மகால் பக்கத்துச் சௌராஷ்டிர வீட்டுப் பெண். புருஷன் மஞ்சள் காமாலையில் போனபோது அவளுக்கு இருபத்தேழு வயது. பிள்ளை இல்லை. அண்ணன் ராஜாராம் சுங்குடிச் சேலை வியாபாரி. அவர் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். சும்மா உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காமல் டைப்ரைட்டிங் கற்று, 1979இல் வில்லாபுரத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய குழந்தைகள் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், மெஷினில் இங்கிலீஷ். நாலாவது மொழி சிஸ்டர் பிலாரால் வந்தது.

பிலார் ஸ்பெயின் நாட்டு நர்ஸ். இல்லத்தைப் பொறுப்பில் வைத்திருந்தார். பால் புட்டிகள் கொதிக்கும் அரைமணி நேரத்தை வீணாக்காமல் சாரதாம்பாளுக்குப் பாடம் நடத்தினார். முதலில் எடை, காய்ச்சல், பேதி, பல். பிறகு கடிதங்கள். இல்லத்துக் குழந்தைகளில் சிலரை ஸ்பெயினில் தத்தெடுத்தார்கள். கோர்ட்டுக் காகிதங்களை வேறெங்கோ வேறு யாரோ மொழிபெயர்த்துக்கொண்டார்கள். ஆனால் ஒவ்வொரு குழந்தையோடும் ஒரே ஒரு பக்கம் இங்கிருந்து போகும், முதல் பக்கம் என்று அதற்குப் பெயர்: குழந்தை எப்படி வந்தது, என்ன சாப்பிடும், எதற்கு அழும். பிலார் அதைக் கையால் எழுதுவார். புதிய தாய் தகப்பன் பத்திரப்படுத்தி வைப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

பிலார் இருந்தவரை அப்படிப் போன குழந்தைகள் எல்லாம் எங்கோ கிடந்து எடுக்கப்பட்டவை. பஸ் ஸ்டாண்டு பெஞ்சு, ஆஸ்பத்திரி வராந்தா, பரவைச் சந்தையில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே. அவர்களுக்குப் பிலார் எழுதிய சொல் அபந்தோனோ. கைவிட்டுப் போனது என்று பொருள். அது உண்மைதான், எழுதத் தயங்க வேண்டியதில்லை. 1992இல் பிலார் இடுப்பு எலும்பு முறிந்து ஊருக்குத் திரும்பினார். அட்டை கிழிந்த இங்கிலீஷ்-ஸ்பானிஷ் அகராதியை சாரதாம்பாள் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு அந்தப் பக்கத்தை எழுதுவது அவள் வேலை. அவள் எழுதியதைப் படித்துச் சரிபார்க்க இல்லத்தில் ஆள் கிடையாது.

ஒச்சம்மாள் வந்தது 1994 தை மாதம். வெற்றிலைக் கொடிக்காலில் இலை கிள்ளுகிறவள், இருபத்துமூன்று வயது. புருஷன் கேரளத்துக்கு வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. நெஞ்சில் சளி கட்டி, பெரிய ஆஸ்பத்திரியில் டிபி என்று சொல்லிவிட்டார்கள். இடுப்பில் நாற்பது நாள் பெண் குழந்தை, பெயர் முத்துமீனா. எடை மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, தொப்புள் நன்றாக ஆறியிருந்தது, உடம்பில் சொறி சிரங்கு இல்லை. நன்றாகக் கவனிக்கப்பட்ட பிள்ளை என்று வார்டு ஆயா செல்லக்கிளி முதல் பார்வையிலேயே சொன்னாள்.

ஒச்சம்மாள் அன்றே விட்டுவிட்டுப் போகவில்லை. பின்கட்டு ஷெட்டில் பத்தொன்பது நாள் தங்கினாள். வாயில் துணி கட்டிக்கொண்டு பால் கொடுத்தாள். இருபதாம் நாள், பிள்ளையை இல்லத்திடம் விடும் பத்திரத்தில் கையெழுத்து. கட்டைவிரலுக்கு மை தடவ வந்த கிளார்க்கைத் தடுத்து, எனக்கு எழுத வரும் என்று சொல்லி, பெயரின் ஆறு எழுத்தையும் ஒவ்வொன்றாக அழுத்தி எழுதினாள். அந்தப் பத்திரத்துக்கு இங்கிலீஷில் சரண்டர் பத்திரம் என்று பெயர். மனசு மாறினால் வந்து பிள்ளையைத் திருப்பி எடுத்துப் போக அவகாசம் உண்டு. அவகாசம் முடிய இரண்டு நாள் இருக்கையில், ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வந்தாள். கேட்டை ஒட்டிய சுவர் நிழலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வா என்று மொக்கையன் கூப்பிட்டதற்கு, இல்லண்ணே, போறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அந்த வருஷக் கடைசியில் ஸ்பெயினில் சரகோசா என்ற ஊரிலிருந்து ஒரு தம்பதி முத்துமீனாவைக் கேட்டார்கள். சாரதாம்பாள் முதல் பக்கத்தை எழுத உட்கார்ந்தாள். சரண்டர் என்ற இடத்தில் பேனா நின்றது. அவள் கைக்கு வந்த முதல் சரண்டர் குழந்தை இதுதான். அகராதியில் ஐந்து சொற்கள் இருந்தன.

ரெந்திசியோன் என்பது படை தோற்றுக் கோட்டையை விட்டுக்கொடுப்பது. அதை உடனே அடித்தாள். செசியோன் என்பது வீடு வாசலை எழுதிக் கொடுப்பது. அதையும் அடித்தாள். ரெனுன்சியா என்பது தனக்குள்ள உரிமையை வேண்டாமென்று விடுவது. வேலையை ராஜினாமா செய்வதற்கும் அதே சொல் என்று அகராதி சொன்னது. பத்தொன்பது நாள் ஷெட்டில் படுத்தவளை ராஜினாமா செய்தவள் என்று எழுத அவளுக்கு மனம் வரவில்லை. மீதி இரண்டு: என்த்ரேகா, அபந்தோனோ.

என்த்ரேகா என்றால் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கையில் ஒப்படைப்பது. அதுதான் பொருந்தி வந்தது. பொருந்தி வந்த இடத்தில்தான் அவள் தவறு செய்தாள். பால் பவுடர் டப்பாக்கள் ஸ்பெயினிலிருந்து வரும் பெட்டிகளில் அந்தச் சொல் அச்சடித்திருக்கும். அதைவிட மோசம், அவள் பிறந்து வளர்ந்த வீடு. சுங்குடிக்கு முடிச்சுப் போடும் பெண்கள் சனிக்கிழமைதோறும் முடிச்சிட்ட துணியைக் கொண்டுவந்து ராஜாராம் கையில் ஒப்படைப்பார்கள், அவர் உடனே கூலியைக் கொடுப்பார். ஒப்படைப்பு என்றால் மறுகையில் கூலி என்பது அவளுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். அந்தச் சொல்லை எழுதினால் தாய் பிள்ளையைக் கொடுத்துக் காசு வாங்கினாள் என்று படிப்பவர்கள் நினைத்துவிடுவார்கள் என்று பயந்தாள். அந்த வருஷம் பேப்பரில் குழந்தை விற்பனை பற்றிச் செய்திகள் வேறு வந்துகொண்டிருந்தன. ராஜாராமிடம் கேட்டாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே, அந்த சிஸ்டர் என்ன போடுவாங்களோ அதையே போட்டுத் தொலை, யார் கேட்கப் போறாங்க என்றார்.

அபந்தோனோ என்று எழுதினாள். ஒச்சம்மாளைப் பழியிலிருந்து காப்பாற்றியதாகவே அன்றைக்கு நினைத்தாள்.

குழந்தை 1995 சித்திரையில் போயிற்று. ஆனியில் ஒச்சம்மாள் வந்தாள். சதை பிடித்திருந்தது, இருமல் இல்லை. மாத்திரை முழுவதும் சாப்பிட்டு முடித்துவிட்டதாகவும், சளியில் கிருமி இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். வெற்றிலைக் கட்டு ஏற்றிய வேனில் மார்க்கெட் வரை வந்து, அங்கிருந்து நடந்து வந்திருந்தாள். பிள்ளையைக் கேட்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னையப் பத்தி அவுகளுக்கு எதும் எழுதிருக்கீகளா டைப்பம்மா?"

"எழுதிருக்கேன்."

"என்னன்னு?"

சாரதாம்பாள் ரிப்பனைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள். "நம்பி ஒப்படைச்சான்னு."

"அவுக பாஷையில அதுக்கு என்ன?"

"என்த்ரேகா."

ஒச்சம்மாள் மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். "பொம்பளப்பிள்ளை பேரு மாதிரில்ல இருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்துச் சாரதாம்பாள் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

எது சரியான சொல் என்று தனக்குத் தெரியும் என்பது சாரதாம்பாளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துபோயிற்று. வாய் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டது. ஆனால் காகிதம் சரகோசாவில் இருந்தது. அடுத்த கடிதத்தில் திருத்தலாம் என்று நினைத்தாள். அடுத்த கடிதம் வந்தபோது, இப்போது திருத்தினால் மற்ற காகிதங்கள் மேலும் அவர்களுக்குச் சந்தேகம் வரும் என்று நினைத்தாள். பிறகு இன்னொரு சரண்டர் குழந்தை வந்தது. ஒன்றுக்கு ஒரு சொல்லும் இன்னொன்றுக்கு வேறு சொல்லும் போட்டால் கேள்வி வரும் என்று அதற்கும் அபந்தோனோ என்றே எழுதினாள். அப்படியே பழகிவிட்டது.

ஒச்சம்மாள் வருஷத்துக்கு மூன்று நாலு தடவை, எப்போதும் வெள்ளிக்கிழமை, வெற்றிலை வேனில் வருவாள். எந்த ஊர், யார் வீடு என்று ஒருநாளும் கேட்டதில்லை. சொல்லக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். "எந்த்ரேகா எப்படி இருக்கா?" என்று மட்டும் கேட்பாள். பல் முளைத்தது, நடக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள் என்று சாரதாம்பாள் சொல்லுவாள். அது தூர தேசத்துக்குப் போன பிள்ளைக்கு அவளே வைத்த புதுப் பெயர்போல ஆகிவிட்டது. ஒவ்வொரு முறை அந்தச் சொல் ஜன்னல் வழியாக வரும்போதும் சாரதாம்பாள் ரிப்பனைச் சரிசெய்யக் குனிந்துகொள்வாள். ஏழு வருஷம் இப்படிப் போயிற்று. 2002 மழைக்காலத்தில் பழைய நோய் திரும்ப வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதித்து, ஐப்பசியில் ஒச்சம்மாள் போய்ச் சேர்ந்தாள். வெற்றிலை வேன் டிரைவர் மொக்கையனிடம் சொல்லிவிட்டுப் போனான்.

அதன்பின்தான் சுவர் நிழலில் அவள் தெரிய ஆரம்பித்தாள். பயமுறுத்துகிற மாதிரி ஒன்றும் கிடையாது. தலைமுடி விரிந்திருக்கவில்லை, கால் தரையில்தான் இருந்தது. இலைக் கறை படிந்த விரல்களை முழங்காலில் கோத்துக்கொண்டு, கூப்பிடுவதற்குக் காத்திருப்பவள்போல் உட்கார்ந்திருப்பாள். சாரதாம்பாள் மேஜையை ஜன்னலுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டாள். அப்போதும் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பிடரியில் ஒரு பார்வை வந்து உட்காரும். பிறகு மேஜையைப் பழையபடியே போட்டுவிட்டாள். முதுகுக்குப் பின்னால் இருப்பதைவிடக் கண்ணுக்கு முன்னால் இருப்பது தேவலை.

2007 ஆவணியில் சரகோசாவிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. வழக்கமாக அந்த வீட்டு அம்மாள்தான் எழுதுவாள். இது உருண்டையான பள்ளிக்கூடக் கையெழுத்து. கீழே மீனா என்று இருந்தது.

பள்ளிக்கூடத்தில் அவரவர் பிறந்த கதையைக் கொண்டுவரச் சொன்னார்களாம். அம்மா அந்த முதல் பக்கத்தை எடுத்துக் கொடுத்தாளாம். அதில் அபந்தோனோ என்று இருந்ததாம். என்னை எங்கே போட்டிருந்தார்கள் என்று அந்தப் பெண் கேட்டிருந்தாள். ரோட்டிலா, குப்பையிலா? பகலா, இருட்டா? பக்கத்தில் நாய் இருந்ததா? எவ்வளவு நேரம் கழித்து எடுத்தார்கள்? எனக்கு அடிக்கடி ஒரு ரோடு கனவில் வருகிறது, நான் கிடக்கிறேன், யாரும் வருவதில்லை. இப்போது ரோட்டோரம் நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கவும் முடியவில்லை, அப்பா காரில் கொண்டுபோய் விடுகிறார். உங்கள் நாட்டில் அந்தச் சொல்லை வேறுமாதிரி எழுதுவார்களோ என்னவோ என்று அம்மா சொல்கிறாள். அந்தச் சொல் சரியென்றால் சரி என்று எழுதுங்கள், நான் தாங்கிக்கொள்வேன். தவறென்றால் சரியான சொல் எது?

சாரதாம்பாள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். மறுபடி பிரித்துக் கடைசி வரியைப் படித்தாள். கேட்டது ஒரு சொல். அதற்குள்தான் அந்தப் பிள்ளை ரோட்டில் கிடந்தாளா இல்லையா என்பது இருந்தது.

பிலாருக்குப் பிறகு வந்த இரண்டாவது மதர், பொறுப்பானவர், சட்டம் தெரிந்தவர். பதினெட்டு வயது ஆகும்வரை பெற்றவளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்ற அச்சடித்த பதிலை அனுப்பச் சொன்னார். சாரதாம்பாள் போகாமல் நின்றாள்.

"சொல் தப்பு மதர்."

"எந்தச் சொல்?"

"நான் போட்ட சொல். பன்னெண்டு வருஷமா தப்புன்னு தெரியும்."

மதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நடந்ததைக் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. "ஒரு சொல்லைத் திருத்தலாம், அது நம்ம பிழை. ஆனா பெத்தவளப் பத்தி ஒரு வரி கூட இருக்கக் கூடாது. எனக்கு அந்த பாஷை தெரியாது. உங்களை நம்பித்தான் கையெழுத்துப் போடுவேன்" என்றார்.

தடுத்திருந்தால் சாரதாம்பாளுக்கு மீறி எழுதச் சுலபமாக இருந்திருக்கும். நம்புகிறேன் என்றது அவள் கையைக் கட்டிவிட்டது.

நாலு நாள் அகராதியோடு உட்கார்ந்தாள். என்த்ரேகா என்று எழுதினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தாள். எழுதிய பிறகு பழைய சந்தேகம் திரும்ப வந்தது. ஒரு சொல்லை மட்டும் அனுப்பினால் அந்தப் பெண் அதைத் தனியாக வைத்துப் பார்க்கப் போகிறாள். அவள் ஊரில் பார்சல் வந்தாலும் அதே சொல்தானே? அபந்தோனோவை எடுத்துவிட்டு, உன்னைப் பார்சலாகக் கொடுத்தார்கள் என்று சொல்வதா? ரெனுன்சியா கௌரவமான சொல். ஆனால் அதில் வேண்டாம் என்பது இருக்கிறது. ஒச்சம்மாள் வேண்டாம் என்றாளா? இதில் அகராதிக்குச் சாட்சி சொல்ல வராது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஒச்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். சாரதாம்பாள் எழுந்து, வெளியே போகாமல், உள்ளே குழந்தைகள் வார்டுக்குப் போனாள்.

செல்லக்கிளி ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் பாலாடையுமாக இருந்தாள். அப்போது அவளுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. சாரதாம்பாள் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து, ஒச்சம்மாள் பிள்ளையை விட்டுவிட்டுப் போன நாளில் என்ன நடந்தது என்று கேட்டாள்.

"எத்தனையோ பேரு வந்தாக, போனாக யக்கா. அவளை மட்டும் கேக்குறீக?"

"அவளை மட்டும்தான் கேக்குறேன். அழுதாளா?"

"அழுதிருந்தா எனக்கு நெனப்பே இருந்திருக்காது. எல்லாரும்தேன் அழுவாக." செல்லக்கிளி குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். "அவ சொல்லிட்டுல்ல போனா."

"என்ன சொன்னா?"

"நான் டூட்டி முடிஞ்சு போறப்ப அடுத்தவகிட்ட என்ன சொல்லிட்டுப் போவேன்? இது எத்தனை மணிக்குக் குடிச்சது, எம்புட்டுக் கக்குச்சு, வெளிக்கு எப்படிப் போச்சு, எப்படிப் படுத்தாத் தூங்கும்னு ஒவ்வொரு கட்டிலாச் சொல்லுவேன்ல? சொல்லாமப் போனா நான் ஓடிப்போனவ. சொல்லிக் குடுத்துட்டுப் போனாத்தேன் ஒப்படைச்சவ. அவளும் அப்படித்தேன். பத்தொம்பது நாள் நாங்க செய்யுறதைப் பாத்துக்கிட்டே இருந்தா போல. பால் குடுத்து, ஏப்பம் விட வச்சு, துணி மாத்தி, என் கையில குடுத்து, ஒண்ணு விடாமச் சொன்னா. நான் டூட்டி நோட்டுல எழுதிக்கிட்டேன். எழுதுனதைத் திரும்ப வாசிக்கச் சொன்னா. வாசிச்ச பெறகுதேன் போனா."

சாரதாம்பாளுக்கு இருபத்தெட்டு வருஷமாக அதே கட்டடத்தில் வேலை. ஒரு நாளைக்கு மூன்று தடவை ஆயாக்கள் அப்படிக் கட்டில் கட்டிலாகச் சொல்லி ஒப்படைப்பது சுவருக்கு அப்புறத்திலிருந்து அவள் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது. அவளோ அந்தச் சொல்லை அண்ணன் வீட்டுச் சனிக்கிழமையில் போய்த் தேடியிருந்தாள்.

நோட்டு பரணில் இருந்தது. ஓரமெல்லாம் கரையான். செல்லக்கிளி ஸ்டூலில் ஏறி எடுத்துத் தட்டிக் கொடுத்தாள். 1994 மாசிப் பக்கத்தில், எழுத்துப் பிழைகளோடு, பத்து வரி இருந்தது.

சாரதாம்பாள் அன்று மாலைக்குள் கடிதத்தை எழுதி முடித்தாள். நீளமில்லை. முதல் பக்கத்தில் அபந்தோனோ என்று இருப்பது தவறு. அதை எழுதியவள் நான், பெயர் சாரதாம்பாள். தவறென்று தெரிந்தும் இதுநாள்வரை திருத்தாதவளும் நான்தான். நீ எந்த ரோட்டிலும் கிடக்கவில்லை. சரியான சொல் என்த்ரேகா. உங்கள் ஊரில் பொருள்களுக்கும் அந்தச் சொல்லைச் சொல்வார்கள். இங்கே நான் அதை எழுதுவது, மருத்துவமனையில் ஒரு தாதி வேலை முடிந்து போகும்போது தன் நோயாளியை அடுத்த தாதியிடம் சொல்லி ஒப்படைப்பாளே, அந்தப் பொருளில். இத்துடன் 1994 மாசி மாதத்து வார்டு நோட்டிலிருந்து உன் உடல்நலக் குறிப்பை மொழிபெயர்த்து இணைத்திருக்கிறேன்.

குறிப்பில் யார் பெயரும் இல்லை. குழந்தை வலது மார்பில் முதலில் குடிக்கும், பிறகுதான் இடது. குடித்ததும் நிமிர்த்தி வைக்காவிட்டால் கக்கும். இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தால் தூங்கும். விக்கல் வந்தால் தண்ணீர் கொடுக்க வேண்டாம், உள்ளங்காலைத் தடவினால் நின்றுவிடும். சத்தத்துக்குத் தூக்கிப் போடும், அப்போது நெஞ்சில் கை வைத்தால் போதும், தூக்க வேண்டாம். தலைக்குக் குளிப்பாட்டும்போது காதை மடக்கிப் பிடிக்கவும். பசித்தால் அழாது, விரலைச் சூப்பும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மதர் தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னார். சாரதாம்பாள் ஒரு வார்த்தை விடாமல் வாசித்தாள். செல்லக்கிளி நோட்டோடு கதவருகே நின்றாள்.

"இது உடல்நலக் குறிப்பா?" என்றார் மதர்.

"டூட்டி நோட்டுல இருந்தா உடல்நலக் குறிப்புதேன் மதர்" என்றாள் செல்லக்கிளி.

மதர் அவளைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

பதில் வர ஆறு வாரம் ஆயிற்று. இந்த முறை ஒரே தாள். சொல்லுக்கு நன்றி என்று இருந்தது. அம்மா அந்தக் குறிப்பைச் சமையலறையில் ஒட்டி வைத்திருக்கிறாள், நான் எடுக்கச் சொன்னேன், பிறகு நானே ஒட்டிவிட்டேன் என்று இருந்தது. தெரிந்தும் ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று ஒரு வரி. கீழே, இடம் விட்டு, வேறு மையில்: ஒப்படைத்தவர் இப்போதும் இருக்கிறாரா?

முதல் கேள்விக்கு எழுதிய நாலு வரியையும் சாரதாம்பாள் அடித்துவிட்டாள். இரண்டாவதற்குப் பதில் இருந்தது, கொடுக்க உரிமை இல்லை. இன்னும் நாலு வருஷம் பொறுக்க வேண்டும் என்று மட்டும் எழுதி அனுப்பினாள். பிறகு வேறொரு தாளில் ஒச்சம்மாளின் பெயர், ஊர், கொடிக்கால், பத்தொன்பது நாள், வந்த வெள்ளிக்கிழமைகள், அவள் வாயில் அந்தச் சொல் எப்படி ஆயிற்று, இறந்த மாதம் எல்லாவற்றையும் எழுதினாள். எழுத மூன்று நாள் பிடித்தது. உறையில் போட்டு அரக்கு வைத்து, 2011 மார்கழிக்குப் பிறகு கேட்டால் கொடுக்கவும் என்று மேலே எழுதி, மதரிடம் காட்டிக் கோப்பில் சேர்த்தாள். அப்போது தான் இருப்போமோ இல்லையோ, கோப்பு இருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் ஜன்னல் பக்கம் பார்ப்பதில்லை என்றுதான் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டரைக்குப் பார்த்துவிட்டாள். சுவர் நிழலில் ஒச்சம்மாள் இல்லை. அவள் உட்காரும் இடத்துக்கு ஒரு முழம் தள்ளி வேறொரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பச்சைச் சேலை, குட்டையான உருவம், கையில் மஞ்சள் பை. முகத்தை உடனே அடையாளம் தெரியவில்லை. சாரதாம்பாள் இடது கண்ணைப் பொத்திப் பார்த்தாள், பிறகு வலது கண்ணைப் பொத்திப் பார்த்தாள். மொக்கையனைக் கூப்பிடவில்லை.

எழுந்துபோய் இரும்பு பீரோவைத் திறந்தாள். முத்துமீனாவுக்குப் பிறகு சரண்டர் ஆகி ஸ்பெயினுக்குப் போன குழந்தைகளின் கோப்புகளைத் தனியாகப் பிரித்து எடுத்தாள். பதினொன்று இருந்தன. பதினொன்றிலும் அவள் கையெழுத்தில் அதே சொல். தொண்ணூற்றாறாம் வருஷக் கோப்பைத் திறந்தபோது பச்சைச் சேலைக்காரி யார் என்று நினைவு வந்தது. எல்லாவற்றையும் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வார்டுக்குப் போய், காலியாக இருந்த கட்டிலில் வைத்தாள்.

"தொண்ணூத்தாறுல பச்சைச் சேலை கட்டிக்கிட்டு, மஞ்சப் பையோட ஒருத்தி வந்தா. பிள்ளையை யார் கையில குடுத்தா?"

செல்லக்கிளி யோசித்தாள். "எங் கையில இல்லக்கா. சோணையம்மா டூட்டி அன்னைக்கு. அவ இப்ப அவனியாபுரத்துல மக வீட்டுல இருக்கா. ஞாயித்துக்கிழமை போவமா?"

"இன்னைக்கே போவோம்" என்று சொல்லி, சாரதாம்பாள் செருப்பை மாட்டினாள்.